அதிபரின் கால்சட்டை அளவு யாருடைய சொத்து?

பரண்பூனை | வெள்ளி, இரவு 10:14

நேற்று தூக்கம் வராமல் லிண்டன் ஜான்சனின் தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வியட்நாம், கென்னடி கொலை விசாரணை என்று ஏதாவது மாட்டும் என்று உள்ளே போனால், மாட்டியது ஒரு கால்சட்டை.

1964 ஆகஸ்ட் 9. அமெரிக்க அதிபர் ஜான்சன், ஹாகர் துணி நிறுவனத்தின் ஜோ ஹாகருக்குப் போன் போட்டு ஆறு கால்சட்டை ஆர்டர் செய்கிறார். பை இன்னும் ஒரு அங்குலம் ஆழமாக இருக்கட்டும், உட்கார்ந்தால் காசும் பேனாக்கத்தியும் வெளியே விழுந்துவிடுகின்றன என்கிறார். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பவுண்டு எடை ஏறி இறங்கும் உடம்பு, அதனால் பிரித்துவிடப் பின்பக்கம் மூன்று அங்குலம் துணி விடச் சொல்கிறார். அப்புறம் கவட்டை. அங்கே இறுக்கினால் கம்பிவேலி மேல் சவாரி செய்வதுபோல் இருக்கிறதாம். அதற்குமுன் அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் நிர்வாகி என்னைத் தூக்கிவிடுவார். நடுவில் கணீரென்று ஒரு ஏப்பம் வேறு.

சிரித்து முடித்துவிட்டுத் தேதியைப் பார்த்தேன். டோன்கின் வளைகுடாத் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது ஆகஸ்ட் 7. அவர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 10. லட்சக்கணக்கான பேர் சாகப்போகும் வியட்நாம் போருக்குச் சட்டபூர்வ அனுமதி மேஜைமேல் இருக்கிறது, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று கால்சட்டை.

என் சந்தேகம் இதுதான். இந்தப் பேச்சு எந்த வகையில் அரசு ஆவணம்? அவருடைய கவட்டை அளவை ஒரு நாடு ஏன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது? அதை வைத்துக்கொள்ள யார் யாருக்கு அனுமதி கொடுத்தது?

சுண்டல் | வெள்ளி, இரவு 10:21

டெய்லர் நோட்டில் அளவு எழுதினாலே அது ஆவணம்தானே பாஸ்.

வக்கீல்மாமா | வெள்ளி, இரவு 10:58

பூனை, விளையாட்டாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி.

ஜான்சன் காலத்தில் அந்தப் பதிவு அரசு ஆவணமே இல்லை. அவருடைய சொந்தச் சொத்து. கால்சட்டை மட்டும் அல்ல, வியட்நாம் கோப்பும் அப்படித்தான். வாஷிங்டன் பதவி முடிந்து காகிதங்களை வண்டியில் ஏற்றி மவுண்ட் வெர்னனுக்குக் கொண்டுபோனதிலிருந்து இருந்த வழக்கம் அது. மேஜையைக் காலி செய்கிறவர் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போவார். வாரிசுக்கு எழுதி வைக்கலாம், விற்கலாம், கொளுத்தலாம். கேட்பதற்கு ஆள் கிடையாது.

அதை முதலில் மாற்றிக் காட்டியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பதவியில் இருக்கும்போதே நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில், தன் வீட்டு வளாகத்திலேயே ஒரு நூலகம் கட்டினார். கட்டியது தனியார் பணம், நடத்துவது அரசாங்கம். 1941 ஜூன் 30இல் திறந்தார்கள். 1955இல் அதையே ஒரு சட்டமாக்கினார்கள். ஆனால் அந்தச் சட்டம் 'கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்' என்றது, 'கொடுத்தே ஆகவேண்டும்' என்று சொல்லவில்லை. ஜான்சனும் அப்படிக் கொடுத்தவர்தான். அன்பளிப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

'இது மக்களின் சொத்து' என்று சட்டம் வந்தது 1978இல். நடைமுறைக்கு வந்தது 1981 ஜனவரி 20. அதாவது ரேகன்தான் முதல் ஆள். ஏறத்தாழ 190 வருடம் அந்த நாட்டின் ஆட்சிக் காகிதங்கள் தனியார் பரணில் கிடந்தன என்று அர்த்தம்.

கரையான் | வெள்ளி, இரவு 11:30

பரணில் கிடந்தது என்று மாமா நாகரிகமாகச் சொல்கிறார். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு.

வாஷிங்டனின் காகிதங்கள் அவர் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை புஷ்ராட் வாஷிங்டன் கைக்குப் போயின. அவர் அவற்றை தலைமை நீதிபதி ஜான் மார்ஷலிடம் வரலாறு எழுதக் கொடுத்தார். திரும்பி வந்தபோது எலி கடித்ததும் ஈரம் பட்டதுமாக வந்தன. அடுத்து ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்ற பதிப்பாசிரியர். படித்தவர், பிற்காலத்தில் ஹார்வர்டின் தலைவராகவே ஆனவர். வாஷிங்டனின் கையெழுத்துக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரசாதம் கொடுப்பதுபோல் காகிதத்தை வெட்டி வெட்டிக் கொடுத்தார். அப்படிப் போனவற்றில் ஒன்று, வாஷிங்டன் முதல் பதவியேற்புக்கு எழுதி வைத்துப் படிக்காமல் விட்ட உரை. துண்டு துண்டாக ஊர் ஊராகப் போய்விட்டது. இன்றைக்கும் முழுசாகச் சேரவில்லை.

எலியைக்கூட மன்னிக்கலாம், அதற்கு எழுத்து தெரியாது.

எரித்தவர்கள் தனி வரிசை. மார்த்தா வாஷிங்டன், கணவர் இறந்தபின் இருவருக்குமான கடிதங்களை எரித்துவிட்டார். நாற்பது வருட தாம்பத்தியத்தில் மிச்சம் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மேஜை இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததால் பிழைத்தவையும் அதில் உண்டு. செஸ்டர் ஆர்தர் சாவதற்கு முந்தின நாள் தன் காகிதங்களைக் குப்பைத்தொட்டி நிறைய வைத்து எரிக்கச் சொன்னார், 1886இல். ட்ரூமன் வீட்டுக் கதை இன்னும் நன்றாக இருக்கும். மகள் மார்கரெட் சொன்னது. அம்மா பெஸ் கணப்பில் கடிதங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார். ட்ரூமன் பதறி, வரலாற்றை நினைத்துப் பார் என்கிறார். நினைத்துத்தான் போடுகிறேன் என்கிறார் அந்த அம்மா.

சுண்டல் | வெள்ளி, இரவு 11:34

பெஸ் அம்மாவுக்கு ஒரு விசில்.

தேன்மொழி | சனி, காலை 6:50

கரையான் எரித்தவர்களை எலிகளோடு ஒரே வரியில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு பெண் தன் கடிதத்தைத் தான் எரிப்பதில் என்ன தப்பு? அந்தக் காகிதத்தில் எழுதியவர் அதிபராகி விட்டால் வாங்கினவளுக்கு உரிமை போய்விடுமா?

வாரன் ஹார்டிங் கதையை யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்கிறேன், ஏனென்றால் அதில் இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது.

ஹார்டிங் 1923 ஆகஸ்ட் 2 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஒரு ஓட்டல் அறையில் இறந்தார். அவர் மனைவி பிளாரன்ஸ் நிறையக் காகிதங்களை எரித்தார். மிச்சம் ஒகையோவில் அவர்கள் ஊரான மேரியனில் ஒரு நினைவுச் சங்கத்தின் பூட்டுக்குள் 40 வருடம் இருந்தன. ஆனால் அந்த அம்மா கைக்கு எட்டாத ஒரு கட்டு அதே ஊரில் இன்னொரு வீட்டில் இருந்தது. கேரி பிலிப்ஸ், ஊரில் கடை வைத்திருந்தவரின் மனைவி. ஹார்டிங்குக்கும் அவருக்கும் ஏறத்தாழ 15 வருட உறவு. 1910 முதல் 1920 வரை அவர் எழுதிய கடிதங்களை கேரி ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டி வைத்திருந்தார். சில கடிதங்கள் செனட் சபையின் அச்சடித்த தாளிலேயே எழுதப்பட்டவை. இதை நீங்கள் எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்? தாள் அரசாங்கத்துடையது, விஷயம் படுக்கையறையுடையது!

1956இல் வயதான கேரியை முதியோர் இல்லத்துக்கு மாற்றியபோது, அவருடைய காப்பாளராக நியமிக்கப்பட்டிருந்த வக்கீல் அந்த அலமாரியைத் திறந்தார். கடிதங்களை எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். கேரி 1960இல் இறந்தார். 1963இல் வரலாறு எழுத வந்த பிரான்சிஸ் ரசலிடம் அந்த வக்கீல் காட்ட, கடிதங்கள் ஒகையோ வரலாற்றுச் சங்கத்துக்குப் போயின. 1964இல் பத்திரிகையில் வந்தது. ஹார்டிங் குடும்பம் வழக்குப் போட்டது.

இந்தக் கதையில் ஹார்டிங் பேசினார், அவர் குடும்பம் பேசியது, வக்கீல் பேசினார், ஆய்வாளர் பேசினார். பூட்டி வைத்திருந்த கேரியை யாருமே கேட்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே திறந்துவிட்டார்கள்.

வக்கீல்மாமா | சனி, காலை 8:12

தேன்மொழி சொன்ன வழக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கைகால் உதறும்.

கடிதத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். காகிதம் வாங்கியவருடையது. வார்த்தை எழுதியவருடையது. நான் உங்களுக்குக் கடிதம் போட்டால் அதை நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், விற்கலாம், கிழிக்கலாம். என் அனுமதி இல்லாமல் அச்சிட முடியாது, அந்தப் பதிப்புரிமை என் வாரிசுக்குப் போகும். ஹார்டிங் குடும்பம் பிடித்தது இந்த நூலைத்தான். ரசலின் புத்தகம் 1968இல் வந்தபோது கடித வரிகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றிடமாக விட்டு அச்சடித்தார்கள். கடைசியில் 1971இல் சமரசம். கடிதங்கள் குடும்பத்தின் கைக்கு வந்து, அவர்கள் காங்கிரஸ் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, 2014 ஜூலை 29 வரை திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டார்கள். அந்த நாளில் திறந்து இணையத்திலேயே போட்டுவிட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் பக்கம்.

கரையான் | சனி, காலை 8:40

ஆயிரம் பக்கத்தில் உலகம் படித்தது 'ஜெர்ரி' என்று வரும் பக்கங்களை மட்டும்தான். ஜெர்ரி யார் என்று தெரியாதவர்கள் தேடிப் பாருங்கள், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது.

ஆனால் தேன்மொழி அக்கா, அந்தக் கட்டில் வேறு ஒன்றும் இருக்கிறது. கேரி ஜெர்மனியில் வாழ்ந்தவர், ஜெர்மனிப் பக்கம் சாய்ந்தவர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கலாமா என்று செனட்டில் ஓட்டு. ஹார்டிங் செனட்டர். போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு, ஜெர்மனி அபிமானியான காதலிக்குக் கடிதம் எழுதுகிறார். இது படுக்கையறை விஷயமா, நாட்டு விஷயமா? எரித்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

தேன்மொழி | சனி, காலை 9:05

தெரிந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த அலமாரியைத் திறந்த விதம் தப்பு என்பதை விடமாட்டேன்.

காவிரிக்கரை_ஆஸ்டின் | சனி, காலை 9:47

ஆஸ்டினில் இருக்கிறேன். ஜான்சன் நூலகம் எனக்கு இருபது நிமிடம். வேறொரு வேலைக்காக வாசிப்பு அறையில் நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் பத்து மாடிக் கட்டடம், ஜன்னலே இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டி மாதிரி. 1971 மே 22இல் திறந்தார்கள். ஏறத்தாழ நாலரைக் கோடிப் பக்கங்கள். பெரிய கூடத்தில் நின்று அண்ணாந்தால் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு மாடிக்குச் சிவப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பொன்னிற முத்திரை. ரேஷன் கடையில் மூட்டை அடுக்கினமாதிரி இல்லை, கொலு வைத்தமாதிரி இருக்கும்.

வாசிப்பு அறையில் அந்த ஜம்பம் எல்லாம் கிடையாது. பையை வெளியே பூட்டிவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். பெட்டி தள்ளுவண்டியில் வரும். ஒரு நேரத்தில் மேஜைமேல் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு உறை. உறையை எடுத்த இடத்தில் ஒரு அட்டையைச் செருகிவிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வைக்கும்போது வரிசை மாறிவிடும். வரிசை மாறினால் அந்தக் காகிதம் செத்தமாதிரி, எரித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மாமா சொன்ன அன்பளிப்புப் பத்திரத்தை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். உறையைப் பிரித்தால் முதலில் ஒரு தாள் இருக்கும். இந்த உறையிலிருந்து என்னென்ன எடுத்து வைத்திருக்கிறோம் என்ற பட்டியல். யார் யாருக்கு எழுதியது, எந்தத் தேதி, எத்தனை பக்கம், கடைசியில் ஒரு எழுத்து. ஏ என்றால் அரசாங்க ரகசியம். பி என்றால் வேறு சட்டமோ துறையோ தடுத்தது. சி என்றால் கொடுத்தவர் பத்திரத்தில் போட்ட நிபந்தனைப்படி மூடியது.

முதல்முறை சி பார்த்தபோது வியப்பாக இருந்தது. நாட்டின் ரகசியத்துக்கு ஒரு எழுத்து, கொடுத்தவரின் சங்கடத்துக்கு ஒரு எழுத்து. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே தட்டச்சு எழுத்தில். பூனை கேட்ட கேள்விக்கு அந்தத் தாளைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. சொந்தம், அரசு என்று காகிதத்தில் எதுவும் எழுதியிருக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, எழுத்துப் போடுகிறார்.

பரண்பூனை | சனி, முற்பகல் 11:20

அப்படியென்றால் கால்சட்டைக்கு சி போட்டிருக்கலாமே! போடாமல் விட்ட புண்ணியவான் யார்?

காவிரிக்கரை_ஆஸ்டின் | சனி, நண்பகல் 12:02

அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

அந்தத் தொலைபேசிப் பதிவுகள் பற்றி வெள்ளை மாளிகையிலேயே பலருக்குத் தெரியாது. டிக்டாபெல்ட் என்று ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில்தான் குரலைப் பதிப்பார்கள். பேசிக்கொண்டே ஜான்சன் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டினால் செயலாளர் இயந்திரத்தைத் தட்டிவிட வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது. ஜோ ஹாகருக்கும் தெரியாது. எல்லாம் சேர்ந்து 640 மணி நேரத்துக்கு மேல்.

ஜான்சன் 1973 ஜனவரி 22இல் இறந்தார். ஒரு வாரத்தில் அவருடைய உதவியாளர் மில்ட்ரெட் ஸ்டீகால் அந்தப் பெட்டிகளை நூலகத்திடம் ஒப்படைத்தார். 50 வருடம் தொடக்கூடாது என்பது அதிபரின் விருப்பம் என்றும் சொன்னார். அதாவது 2023 வரை. ஆனால் பட்டைகள் கெட்டுப்போய்விடும் என்ற பயம் இருந்தது. நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன் முன்கூட்டியே திறக்க முடிவெடுத்தார், ஜான்சனின் மனைவி ஒப்புக்கொண்டார். 1993இல் முதல் பதிவுகள் வெளியே வந்தன.

அதனால்தான் பூனைக்குக் கால்சட்டை கிடைத்தது. 1964 மே மாதத்திலேயே, வியட்நாம் போரில் ஜெயிக்கவும் முடியாது வெளியே வரவும் முடியாது என்ற தொனியில் அவர் செனட்டர் ரிச்சர்ட் ரசலிடமும் அப்போதைய பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடமும் புலம்பியதும் அப்படித்தான் கிடைத்தது.

தேன்மொழி | சனி, நண்பகல் 12:30

அப்போது இறந்தவர் விருப்பத்தை மீறினார்கள். கேரி அலமாரி மாதிரியே.

கரையான் | சனி, நண்பகல் 12:41

அக்கா, கேரி தன் வீட்டில் பூட்டி வைத்தது தன் கடிதத்தை. ஜான்சன் பூட்டி வைத்தது மறுமுனையில் பேசியவர்களின் குரலையும் சேர்த்து, அவர்களுக்குத் தெரியாமல். அந்தப் பூட்டுக்கு நான் அழமாட்டேன்.

தேன்மொழி | சனி, நண்பகல் 12:44

சரி, அது நல்ல அடி.

வக்கீல்மாமா | சனி, பிற்பகல் 3:15

பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லையே. காகிதத்தை அன்பளிப்பாகக் கொடுத்தால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், 1969 வரை. மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்து என் காகிதம் இத்தனை லட்சம் டாலர் பெறும் என்று சான்று வாங்கினால் போதும். ரிச்சர்ட் நிக்சனுக்கு இந்த யோசனையைச் சொன்னவர் ஜான்சன்தான், இதை நிக்சனே சொல்லியிருக்கிறார்.

நிக்சன் துணை அதிபராக இருந்த காலத்துக் காகிதங்களுக்கு 5,76,000 டாலர் மதிப்புப் போட்டு, வருடா வருடம் கழித்து வந்தார். விளைவு, இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள அதிபர் 1970க்குக் கட்டிய வரி 792 டாலர் 81 சென்ட். 1971க்கு 878 டாலர் 3 சென்ட். ஒரு குமாஸ்தா கட்டுகிற வரி.

ஆனால் நாடாளுமன்றம் இந்தச் சலுகையை நிறுத்தியிருந்தது. 1969 ஜூலை 25க்குப் பிறகு கொடுத்தால் செல்லாது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் நிக்சன்தான். அவருடைய அன்பளிப்புப் பத்திரம் எழுதப்பட்டதோ 1970இல், உள்ளே போட்ட தேதி 1969. முன்தேதியிட்ட பத்திரம்! நம் ஊர்ப் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் எவரும் வாயைப் பிளந்திருப்பார். விஷயம் வெளியே வந்தபோது நாலு லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று வரித்துறை சொன்னது. முன்தேதி போட்ட வேலைக்காக அவருடைய வழக்கறிஞர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 'நான் திருடன் அல்ல' என்று நிக்சன் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 1973 நவம்பரில் அதைச் சொன்ன அந்தப் பேட்டியில் இந்தக் காகித வரிக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது, அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பரண்பூனை | சனி, பிற்பகல் 3:40

மாமா, அப்போது 1978 சட்டம் வந்தது இந்த ஆளால்தானா?

வக்கீல்மாமா | சனி, பிற்பகல் 4:22

இந்த ஆளின் நாடாக்களால். 1971 பிப்ரவரியிலிருந்து 1973 ஜூலை வரை ஏறத்தாழ 3,700 மணி நேரம் பதிவு. ஜான்சன் மாதிரி விரல் சுழற்றுகிற வேலை இல்லை, சத்தம் கேட்டால் தானாக ஓடும் இயந்திரம். அதுதான் வினையாகிவிட்டது. எதைப் பதிவு செய்வது என்று யோசிக்க அவருக்கு வாய்ப்பே இல்லை.

வாட்டர்கேட் ஊழலில் மாட்டி 1974 ஆகஸ்ட் 9இல் பதவி விலகினார். காகிதமும் நாடாவும் அப்போதைய வழக்கப்படி அவருடையவை. ஒரு மாதத்துக்குள் அரசு சார்பில் ஆர்தர் சாம்ப்சன் என்ற அதிகாரியோடு ஓர் ஒப்பந்தம். எல்லாம் கலிபோர்னியாவில் ஓர் இடத்தில் இருக்கும். திறக்க இரண்டு சாவி, ஒன்று நிக்சனிடம், ஒன்று அரசிடம். நாடாக்களை 1984 செப்டம்பரிலோ நிக்சன் இறந்தாலோ அழித்துவிட வேண்டும், எது முந்தியோ அப்போது. அடுத்த அதிபர் ஜெரால்ட் போர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கிய அதே நாளில், செப்டம்பர் 8இல் இதை அறிவித்தார்கள். நாடாளுமன்றம் கொதித்துப்போய் டிசம்பரில் தனிச்சட்டம் போட்டு, நிக்சனுடையதை மட்டும் அரசுக் கையில் பிடித்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார், 1977இல் 7க்கு 2 என்று தோற்றார். அடுத்த வருடம் எல்லா அதிபருக்கும் பொதுவான சட்டம்.

வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு காகிதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றதே தவிர சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. அவர் போனபிறகு குடும்பத்தின் தரப்பு விடாமல் வழக்காடி, 2000இல் அரசு ஒரு கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. அவரைப் பிடித்துக் கொடுத்த நாடாவுக்கு அவர் தரப்புக்கே விலை!

சுண்டல் | சனி, பிற்பகல் 4:25

என் பழைய வாட்சாப் ஆடியோவை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா? ஒரு கோடி வேண்டாம், ஒரு பிரியாணி போதும்.

பொள்ளாச்சிக்காரன் | சனி, மாலை 6:33

தாமதமாக வருகிறேன். ஆஸ்டின் அண்ணாவிடம் ஒரு விஷயம் கேட்கவேண்டும்.

எங்கள் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம். 1964 முதல் 67 வரை மத்திய உணவு, வேளாண் அமைச்சர். 1965 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு அமைப்பின் மாநாட்டுக்குப் போன இடத்தில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் பிரீமனோடு ரகசியமாக ஓர் உடன்படிக்கை போட்டார். உரம், விதை, விவசாய முதலீடு என்று இந்தியா செய்யவேண்டியவை அதில் இருந்தன. ஊரில் சொன்னால் அமெரிக்காவுக்கு அடிபணிந்துவிட்டார் என்பார்கள், அதனால் வெளியே விடவில்லை.

1966இல் மழை பொய்த்து, பீகாரில் பஞ்சம் என்ற நிலையில் ஜான்சன் கோதுமைக் கப்பலைத் தானே பிடித்துப் பிடித்து விட்டார். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்தக் காலத்தில் பெயர். இங்கே ரேஷனில் மைலோ சோள மாவும் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்துக் கோதுமையும் தின்றவர்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள், எங்கள் பாட்டி அந்தக் கோதுமை ரவையைப் பற்றிச் சொல்லும் வார்த்தையையும் நிர்வாகி அனுமதிக்கமாட்டார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. கேட்டு ஜெயித்தது. பசுமைப் புரட்சிக்கு விதை இறக்கிய சி.எஸ். கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார்.

அந்தக் கோதுமைக் காகிதங்கள் அங்கே இருக்குமா?

காவிரிக்கரை_ஆஸ்டின் | சனி, மாலை 7:10

இருக்கின்றன தம்பி. தேசியப் பாதுகாப்புக் கோப்பு என்ற தொகுதியில் 'இந்தியப் பஞ்சம், 1966 ஆகஸ்ட் முதல் 1967 பிப்ரவரி வரை' என்ற தலைப்பிலேயே ஒரு தனி வரலாற்றுக் கோப்பு இருக்கிறது. தலைப்பில் உள்ள தேதியைக் கவனியுங்கள், கப்பலை நிறுத்தி வைத்த மாதங்களிலிருந்தே தொடங்குகிறது. ராபர்ட் கோமர் என்ற வெள்ளை மாளிகை ஆலோசகர் இந்தியா பற்றி எழுதித்தள்ளிய குறிப்புகள் அதற்கு முந்தைய வருடங்களின் உறைகளில் வரும். சுருக்கமாக, கிண்டலாக எழுதுகிற ஆள். படிக்க சுவாரசியமாக இருக்கும், நம் பக்கத்திலிருந்து படித்தால் எரிச்சலாகவும் இருக்கும்.

கரையான் | சனி, மாலை 7:48

இதுதான் எனக்கு உறுத்துவது. பாட்டி தின்ற கோதுமையின் கணக்கு ஆஸ்டினில் ஓர் ஆளின் அன்பளிப்புப் பத்திரத்துக்குள் இருக்கிறது. அவர் அதைக் கொளுத்தியிருந்தாலும் 1973இல் இருந்த சட்டப்படி குற்றமில்லை. கால்சட்டையைக் கேட்டுச் சிரிக்கிறோம், அதே அலமாரியில் அடுத்த பெட்டி பஞ்சம்.

தேன்மொழி | சனி, மாலை 7:55

கரையான், இந்த ஒன்றில் உன்னோடு முழுசாக ஒத்துப்போகிறேன். குறித்துக்கொள், அடிக்கடி நடக்காது.

பரண்பூனை | சனி, இரவு 9:20

இன்னொரு பெட்டிக்கதை படித்தேன், இங்கேயே போட்டுவிடுகிறேன். ஜான்சனின் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ராஸ்டோ 1973 ஜூனில் நூலக இயக்குநரிடம் மூடிய உறை ஒன்றைக் கொடுத்தார். 50 வருடம் திறக்காதீர்கள், அப்போதும் வேண்டுமானால் இன்னொரு 50 வருடம் மூடிவையுங்கள் என்று குறிப்பு. எக்ஸ் உறை என்று பெயர். 1994இல் திறந்தார்கள். 1968 தேர்தலுக்கு முன் அமைதிப் பேச்சுக்கு வரவேண்டாம் என்று தென் வியட்நாமுக்கு நிக்சன் தரப்பிலிருந்து அன்னா செனால்ட் மூலம் தூது போனது பற்றிய ஒட்டுக்கேட்பு அறிக்கைகள் உள்ளே இருந்தன.

1971 ஜூன் மாத நாடா ஒன்றில் நிக்சன், வியட்நாம் குண்டுவீச்சு நிறுத்தம் பற்றிய கோப்பு புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது, உள்ளே புகுந்தாவது எடுங்கள் என்கிறார். அவர் பயந்தது இந்த உறையிலிருந்த விஷயத்துக்குத்தான் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான். ஆனால் ஒருவர் உறை போட்டு ஒட்டி வைத்தது இன்னொருவர் நாடாவில் எட்டிப் பார்க்கிறது பாருங்கள். இருவர் காகிதத்தையும் எரித்திருந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி இல்லை.

பொள்ளாச்சிக்காரன் | ஞாயிறு, காலை 7:02

ஆஸ்டின் அண்ணா, அடுத்த முறை போனால் அந்தப் பஞ்சக் கோப்பில் சி.எஸ். பெயர் வரும் பக்கங்களைப் படம் எடுத்துப் போட முடியுமா? செலவு எவ்வளவோ நான் தந்துவிடுகிறேன்.

காவிரிக்கரை_ஆஸ்டின் | ஞாயிறு, காலை 8:15

செலவு ஒன்றும் இல்லை தம்பி, பிளாஷ் போடாமல் நாமே போனில் எடுத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன், போகிறேன். ரோம் உடன்படிக்கை 1965, பஞ்சக் கோப்பு 66இல் தொடங்குகிறது. அதனால் இந்தியா உறைகளையும் சேர்த்துக் கேட்கிறேன். முதல் தாளில் எத்தனை ஏ, எத்தனை சி என்று அதையும் எடுத்துப் போடுகிறேன். என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதும் தெரியட்டும்.

சுண்டல் | ஞாயிறு, காலை 8:19

அண்ணே, அந்தக் கால்சட்டை காட்சிக்கு இருந்தால் அதையும் ஒரு படம். பை ஆழம் தெரியும்படி.